மொபுட்டுவின் 32 ஆண்டுகள்

கேள்வி: சிறுத்தைத் தோல் தொப்பியும் கைத்தடியுமாகப் பழைய படங்களில் காணப்படும் காங்கோ அதிபர் மொபுட்டு, ராணுவத்தின் பலத்தை மட்டும் வைத்துக்கொண்டா 32 ஆண்டுகள் ஆண்டார்?

பதில்: ராணுவத்தை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை காலம் தாங்கியிருக்க மாட்டார். 1930-ல் லிசாலாவில், ஒரு பெல்ஜிய நீதிபதியின் வீட்டுச் சமையற்காரருக்கு மகனாகப் பிறந்த ஜோசப் மொபுட்டு, பாதிரிமார் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டுக் காலனிப் படைக்கு அனுப்பப்பட்டவர். அங்கே எழுத்தர் வேலை பார்த்து, பின்பு தலைநகரில் பத்திரிகையாளரானபோதுதான், பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான லுமும்பாவின் நட்பு கிடைத்தது. 1960 ஜூன் 30-ல் பெல்ஜியத்திடமிருந்து நாடு விடுதலை பெற்றதும் அவரை ராணுவத் தலைமைப் பதவிகளில் ஒன்றில் அமர்த்தியது லுமும்பாவின் அரசுதான். அதே ஆண்டு செப்டம்பரில் அதிகாரத்தைக் கைப்பற்றிய மொபுட்டு, பிறகு லுமும்பாவைச் சிறைப்பிடித்தார். தெற்கே பிரிந்து நின்ற கட்டாங்கா மாகாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட லுமும்பா 1961 ஜனவரி 17-ல் கொல்லப்பட்டார். 1965 நவம்பரில் இரண்டாம் முறை ஆட்சியைப் பிடித்தபோது, தாம் ஐந்தாண்டுகள்தான் இருக்கப் போவதாக மொபுட்டு அறிவித்தார்.

1966-ல் முன்னாள் பிரதமர் கிம்பா உள்ளிட்ட நால்வரைப் பெருங்கூட்டத்தின் முன் தூக்கிலிட்டு நாட்டை நடுங்க வைத்தார். ஆனால் அவருடைய உண்மையான திறமை தூக்குக் கயிற்றில் இல்லை, பதவிப் பங்கீட்டில் இருந்தது. இங்குசா கார்ல்-இ-போண்ட் என்பவரின் கதையே போதும். வெளியுறவு அமைச்சராக இருந்த அவருக்கு 1977-ல் தேசத்துரோகக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது; பிறகு மன்னிக்கப்பட்டு, 1980-ல் பிரதமரானார்; அடுத்த ஆண்டே வெளிநாட்டுக்குத் தப்பி, அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் மொபுட்டுவின் ஊழல்களைப் புட்டுப்புட்டு வைத்தார்; 1985-ல் நாடு திரும்பி, மறு ஆண்டு அதே அமெரிக்காவுக்குத் தூதரானார். இப்படிப்பட்டவர்களைக் கொன்றிருந்தால் தியாகிகளாகியிருப்பார்கள். பதவி கொடுத்ததால் அவர்கள் பேச்சுக்கு மதிப்பே இல்லாமல் போனது.

கேள்வி: காலனிப் பெயர்களை ஒழித்து, ஆப்பிரிக்க உடையைக் கொண்டுவந்தவரை ஒரேயடியாகக் குறை சொல்லலாமா?

பதில்: அந்த ஆசையில் நியாயம் இருந்தது. ஒரு பெல்ஜிய மன்னரின் பெயரைச் சுமந்த லெயோபோல்ட்வில், கின்ஷாசா ஆனதை யார் குறை சொல்வார்கள்? 1971-ல் நாட்டுக்கும் ஆற்றுக்கும் ‘ஜைர்’ என்று பெயரிட்டார்; பணத்துக்கு ஏற்கெனவே அதே பெயர்தான். (ஆறு என்று பொருள்படும் உள்ளூர்ச் சொல்லைப் போர்த்துகீசியர் தப்பாக உச்சரித்ததே ‘ஜைர்’ என்பது வேடிக்கை.) கிறிஸ்தவப் பெயர்களைக் கைவிடச் சொல்லி, தாமும் மொபுட்டு செசே செக்கோ ஆனார். கோட்டும் டையும் விலக்கப்பட்டன. அதற்குப் பதிலாக வந்த கழுத்து மூடிய சட்டையின் பெயரான ‘அபாகோஸ்த்’ என்பதே, ‘கோட்டு ஒழிக’ என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். தொலைக்காட்சிச் செய்தியோ, மேகங்களுக்கிடையே அவர் முகம் இறங்கி வரும் காட்சியுடன்தான் தொடங்கும்.

சுதேசியம் என்ற பெயரில் 1973-ல் வெளிநாட்டார் கடைகளையும் தோட்டங்களையும் பறித்து வேண்டியவர்களுக்குக் கொடுத்ததுதான் பெருங்கேடு. வியாபாரம் தெரியாத புது முதலாளிகள் இருப்பை விற்றுத் தின்றார்கள். மறுபடி சரக்கு வரவில்லை. நாட்டின் முக்கிய ஏற்றுமதியான செம்பின் விலையும் வீழ்ந்தது. திருடுவதானால் கொஞ்சமாக, சாமர்த்தியமாகத் திருடுங்கள் என்று 1976-ல் அதிபரே மேடையில் பேசினார். அரசியல் சட்டத்தில் இல்லாத ‘பதினைந்தாம் பிரிவு’ ஒன்றை மக்கள் கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள்: “உன் பாட்டை நீயே பார்த்துக்கொள்.”

கேள்வி: அப்படியானால் அவர் வீழ்ந்தது எப்படி? சேர்த்த பணம் என்னவாயிற்று?

பதில்: அங்கோலாவில் சோவியத் ஆதரவு அரசு இருந்தவரை, பக்கத்து நாட்டு மொபுட்டு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டார். பனிப்போர் முடிந்ததும் அந்தத் தேவையும் முடிந்தது. 1990 ஏப்ரலில் ஒரு கட்சி ஆட்சியைக் கைவிடுவதாக அறிவித்தபோது அவர் கண் கலங்கினார். ஆயினும் நாற்காலியை விடவில்லை.

அவருடைய அரசின் கதி பண நோட்டில் தெரிந்தது. 1967-ல் ஒரு ஜைர் இரண்டு டாலர் பெறும். 1992 இறுதியில் அச்சான நோட்டின் மதிப்போ 50 லட்சம் ஜைர். அது செல்லாது என்று எதிரணியிலிருந்து பிரதமராகியிருந்த சிசெகேதி அறிவிக்க, வியாபாரிகள் வாங்க மறுக்க, அதையே சம்பளமாகப் பெற்ற சிப்பாய்கள் 1993 ஜனவரியில் கின்ஷாசாவைச் சூறையாடினார்கள். அக்கலவரத்தில் பிரெஞ்சுத் தூதரும் சுடப்பட்டு இறந்தார்.

1996-ல் ருவாண்டாவின் துணையுடன் கிழக்கிலிருந்து கிளர்ச்சித் தலைவர் கபிலாவின் படை கிளம்பியபோது, அதை எதிர்த்து நிற்க ஒரு ராணுவம் மிச்சமில்லை. புற்றுநோயாளியான மொபுட்டு 1997 மே 16-ல் தலைநகரை விட்டு, காட்டுக்குள் அரண்மனைகளும் கான்கார்டு விமானம் இறங்கும் ஓடுபாதையுமாகத் தாம் எழுப்பியிருந்த குபாடோலிட்டுக்குப் போனார். இரண்டு நாளில் அங்கிருந்தும் ஒரு சரக்கு விமானத்தில் கிளம்பினார். சொந்தக் காவல் படையினரே அதை நோக்கிச் சுட்டார்கள். செப்டம்பர் 7-ல் மொராக்கோவின் ரபாத்தில் காலமானார்.

அவர் சுருட்டியது 500 கோடி டாலர் இருக்கலாம் என்று ஊழலைக் கண்காணிக்கும் அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் மதிப்பிட்டது. ஸ்விட்சர்லாந்தில் முடக்கப்பட்டுக் கிடந்தது ஏறத்தாழ 77 லட்சம் பிராங்க்தான். வழக்குக்கான காலக்கெடு கடந்துவிட்டதால், 2009-ல் அதுவும் அவர் குடும்பத்தாருக்கே போயிற்று.