வாடகை வவுச்சர் எந்தச் சேலத்தில்?

வீடு, வாடகை, அட்வான்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: “சேலத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகை வவுச்சர், பெரும்பகுதி வாடகையை அரசே கட்டும்” என்று எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு தகவல் வந்தது. மாதம் 5,500 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். எங்கே விண்ணப்பிப்பது?
- வாசகி, பொன்னம்மாபேட்டை

பதில்: திட்டம் நிஜம்தான், ஊர்தான் வேறு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் தலைநகருக்கும் சேலம் என்றுதான் பெயர். அங்குள்ள வீட்டுவசதி ஆணையம் அந்த ஊருக்கும் பக்கத்து கைசருக்கும் நடத்தும் உதவி அது. ஆங்கிலத்தில் சேலம், வாடகை, உதவி என்று கூகுளில் தட்டினால் அந்தச் சேலம் வந்து நிற்கும். நம் மாநகராட்சியிலோ கலெக்டர் ஆபீசிலோ இப்படி ஒரு படிவம் கிடையாது. அந்தத் தகவலோடு வந்த லிங்க் ஓடிபியோ ‘பதிவுக் கட்டணமோ’ கேட்டால் தொடாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930க்குப் பேசுங்கள். அமெரிக்காவிலேயே அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை.

அங்கே அது எப்படி ஓடுகிறது என்று கேட்டு இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்விட்ட திட்டம் இது. பணம் மத்திய அரசுடையது, நடத்துவது உள்ளூர் ஆணையம். குடும்பமே வெளியில் வீடு தேடிக்கொள்ள வேண்டும். கழிவுகள் போக வரும் மாத வருமானத்தில் சுமார் 30 சதவீதம் குடும்பத்தின் பங்கு. மீதியை ஆணையம் நேராக வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடும், குடியிருப்பவர் கைக்கு வராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருமானம் 1,500 டாலர் என்றால் குடும்பத்தின் பங்கு 450. அந்த அளவு வீட்டுக்கு ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பு 1,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் முதலியவை சேர்த்து 1,200 டாலரில் வீடு கிடைத்தால் ஆணையம் 750 கொடுக்கும். வீடு 1,400 என்றால் ஆணையம் 850க்கு மேல் தராது, குடும்பம் 550 கட்டும். 1,500 டாலர் வீடு என்றால் குடும்பம் 650 கட்ட வேண்டிவரும். அது வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டுவதால், புதிதாகக் குடிபோகும்போது அந்த வீட்டுக்கு அனுமதியே கிடைக்காது.

சிக்கல் தொடங்குவது வரிசையில். அந்த நாட்டில் தகுதியுள்ள நாலு குடும்பத்தில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் வாடகை உதவி எட்டுகிறது. காத்திருப்போர் பட்டியல் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும். முகவரி மாறியதைச் சொல்லாமல் விட்டு, கடிதம் பழைய வீட்டுக்குப் போய், பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்கள் உண்டு. வவுச்சர் கைக்கு வந்த பிறகும் வீடு தேட முதலில் கிடைக்கும் கெடு குறைந்தபட்சம் 60 நாள், அதற்குள் வீடு அமையாவிட்டால் நீட்டிப்பு கேட்க வேண்டும். பிறகு வீட்டைச் சோதிப்பார்கள். புகை அலாரம் வேலை செய்யவில்லை, ஜன்னல் தாழ் விழவில்லை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை குடிவரும், 1978க்கு முன் கட்டிய வீட்டில் பெயிண்ட் உரிகிறது, இவ்வளவு போதும் வீடு தேறாமல் போக. அட்வான்ஸை வவுச்சர் கட்டாது. தனியாகக் கொஞ்சம் பணம் வீட்டுக்காரர் கையில் கொடுப்பது அங்கே குற்றம், உதவியும் போய்விடும். வவுச்சர் வைத்திருக்கிறார் என்ற காரணத்துக்காக மட்டும் வீடு மறுக்கக் கூடாது என்பது ஓரிகனில் 2014 ஜூலை முதல் சட்டம்.

கேள்வி: அப்படியானால் நம் ஊரில் வாடகைக்காரருக்கு உதவியே இல்லையா?
- வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: மாத வாடகையில் பங்கு போடும் திட்டம் இல்லை. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ‘வவுச்சர்’ என்ற சொல் வருகிறது. அது தனியார் கட்டும் குறிப்பிட்ட திட்டங்களில் வீடு வாங்குபவர்களுக்கு, வாடகைக்கு அல்ல. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். குறைந்த வாடகை வீடு கட்டவும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் வீடு எழும்பினால்தானே குடிபோக முடியும்.

கைக்கு எட்டக்கூடியது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடு. (2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று இருந்ததுதான்.) ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாக உறுதியான (பக்கா) வீடு இல்லை, இந்த இரண்டும் அடிப்படை. இலவசம் என்று நினைத்துப் போகாதீர்கள், பயனாளி பங்குத் தொகை கட்ட வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தார் எல்லோருடைய ஆதார் இவற்றோடு திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்து, மனு எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தடுக்கும் இடங்கள் பெரும்பாலும் அற்பமானவை: ஆதாரில் ஓர் இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல். இன்னொன்று, கிராமத்தில் மனைவி பெயரில் இருக்கும் ஓட்டு வீடு. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் எல்லாம் ஒரே குடும்பக் கணக்கு.

கேள்வி: மாதம் 4,000 ரூபாய் வாடகை, அட்வான்ஸ் 30,000. வீட்டில் குழித்தறி (தரையில் குழி வெட்டி வைக்கும் கைத்தறி) போட்டிருந்தோம். காலி செய்யும்போது “தரை கெட்டுப்போச்சு” என்று வீட்டுக்காரர் முழு அட்வான்ஸையும் பிடித்துக்கொண்டார். வெறும் 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாத ஒப்பந்தம் போட்டோம்.
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்குச் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. உங்களுக்கு அது 12,000 ரூபாய். ஏழரை மாத வாடகைக்குச் சம்மதித்து நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பது வாதத்தின் வலுவைக் குறைக்கும். நியாயமான பிடித்தம் போக மீதியை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது உங்கள் பக்கம் நிற்கும்.

‘நியாயமான பிடித்தம்’ எவ்வளவு? நீங்கள் குடிவரும்போதே குழி இருந்திருந்தால் ஒரு ரூபாய்கூட இல்லை. நீங்கள் வெட்டியது என்றால் மூடித் தருவது உங்கள் பொறுப்பு. மிதிப்பலகை இறங்கும் குழி 3 அடிக்கு 2½ அடி, ஆழம் 2½ அடி என்றால் 19 கன அடிக்குக் கொஞ்சம் கீழே. திம்சுக் கட்டையால் இடித்தால் மண் அமுங்கும், அதனால் 25 கன அடி மண் வேண்டும். அரையடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு இடித்து, மேலே 3 அங்குலத்துக்கு 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை போட்டு, அதன் மேல் தரை பூச வேண்டும். மண்ணை மொத்தமாகக் கொட்டி உடனே சிமெண்ட் பூசினால் அடுத்த மழைக்குத் தரை இறங்கிவிடும், அப்புறம் சண்டை நியாயமாகவே உங்கள் மேல் வரும். ஒரு மேஸ்திரி, ஒரு சித்தாளுக்கு ஒரு நாள் வேலை. அதற்கு எந்தக் கணக்கில் 30,000 ஆகும்? இரண்டு மேஸ்திரிகளிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகை போக மீதியைக் கேட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள்.

அடுத்த படி அந்த வாடகைச் சட்டப்படி மனு. ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண் இல்லாமல் போனால் மனு வாசலிலேயே தடுக்கிவிடும். உங்களிடம் அது இருக்காது என்றே நினைக்கிறேன். அப்போது 15100 என்ற எண்ணிலோ, நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ இலவச உதவி கேளுங்கள். அடுத்த வீட்டு ஒப்பந்தத்தில் “முன் அறையில் கைத்தறி போட உரிமையாளர் சம்மதிக்கிறார்” என்று ஒரு வரி எழுதுங்கள். சாவி வாங்கும் நாளில் தரையை போட்டோ எடுத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர். 100 யூனிட் இலவசம் எங்களுக்குக் கிடைக்குமா?
- வாசகி, குகை

பதில்: அந்த 100 யூனிட் இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. மூவருக்கும் சேர்த்து ஒரு தரம். இரண்டு மாதத்தில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் விலையும் ஏறும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே விலை வைத்து வசூலித்தால் கரண்ட் பில்லைக் காட்டச் சொல்லி, சப்-மீட்டர் எண்களைக் கூட்டி ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: வாரியக் குடியிருப்பில் ஒருவர் தன் வீட்டை 2 லட்சத்துக்குப் போக்கியத்துக்குத் தருகிறார். வாங்கலாமா?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: வேண்டாம். ஒதுக்கீடு பெற்றவரே குடியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம். ஆய்வுக்கு வருபவர்கள் உங்களைத்தான் வெளியே அனுப்புவார்கள். அந்த 2 லட்சத்தை அவரிடம் நீங்களாகத்தான் வசூலித்துக்கொள்ள வேண்டும்.