பில்டர் சொல்வது பாதிதான் சரி

தம்பி, இங்கிலாந்தில் வாங்கியிருக்கிற செமி டிடாச்டு வீட்டின் (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு சேர்ந்தது) பின்பக்கம் அப்பா அம்மாவுக்கு ஓர் அறை கட்டணும், பில்டர் "பர்மிஷனே தேவையில்லை" என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கோத்தகிரி, நான் குன்னூர். நம்ம ஊர்க் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் எழுப்ப விடமாட்டார்கள், பொக்லைன் வைத்து மண்ணை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும். ஆனால் பிளான் பாஸானதும் கம்பி எத்தனை எம்எம் போட்டோம் என்று பார்க்க ஆள் வருவது அபூர்வம். இங்கே இங்கிலாந்தில் அது தனி இலாகா. கட்டடம் வெளியே எப்படித் தெரியும், பக்கத்து வீட்டு வெளிச்சம் போகுமா என்பதெல்லாம் பிளானிங். சுவர் நிற்குமா, குளிர் தாங்குமா, தீப்பிடித்தால் தப்பிக்க வழி உண்டா என்பது பில்டிங் ரெகுலேஷன். பில்டர் பேசுவது முதலாவதைப் பற்றி மட்டும்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. செமி வீட்டில் பின்பக்கம் ஒற்றைத் தளமாக, 4 மீட்டர் உயரத்துக்குள், 3 மீட்டர் வரை நீட்ட விண்ணப்பம் வேண்டாம் என்பது பொதுவிதி. அந்த 3 மீட்டரை இன்றைய சுவரிலிருந்து அளக்கக்கூடாது, வீடு முதலில் கட்டப்பட்டபோது இருந்த பின்சுவரிலிருந்து அளக்கணும். முன்னால் இருந்தவர் பின்னால் ஒரு கன்சர்வேட்டரி (கண்ணாடி அறை) சேர்த்திருந்தால் உங்கள் பங்கை அவர் ஏற்கெனவே தின்றுவிட்டார். சில புதுக் குடியிருப்பு எஸ்டேட்களில் இந்தச் சலுகையையே கவுன்சில் (உள்ளாட்சி) எடுத்துவிட்டிருக்கலாம். 6 மீட்டர் வரை வேண்டுமென்றால் முன் ஒப்புதல் கேட்கலாம், அக்கம்பக்கத்தாருக்குக் கவுன்சிலே கடிதம் போடும். முழு விண்ணப்பம் என்றால் சாதாரணமாக 8 வாரம். வரைபடம் கவுன்சில் வெப்சைட்டில் ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கு வியூ போச்சு" என்று எழுதினால் எடுபடாது, வெளிச்சம் போகிறது என்றால் எடுபடும்.

அப்புறம் பில்டிங் கன்ட்ரோல், அதாவது அந்த பில்டிங் ரெகுலேஷன்படி வேலை நடக்கிறதா என்று பார்ப்பவர்கள். அஸ்திவாரக் குழி தோண்டியதும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் வந்து குழியை எட்டிப் பார்ப்பார். மண் சரியில்லை என்றால் இன்னும் ஆழம் தோண்டச் சொல்வார். 2009 நீலகிரி மண்சரிவைப் பார்த்த நமக்கு இது தொல்லையாகத் தோன்றாது, பில்டருக்குத்தான் தோன்றும். கழிவுநீர்க் குழாய், தரை, கூரை இன்சுலேஷன் எல்லாம் மூடுவதற்கு முன் இப்படித்தான்.

பொதுச்சுவர் பக்கம் தோண்டுவதால், பக்கத்து வீட்டாருக்கு 1996 பார்ட்டி வால் சட்டப்படி முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டிவரும். தேநீருக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு நோட்டீஸ் கொடுங்கள், அது நம்ம ஊர் வழக்கம், இங்கேயும் செல்லும்.

அனுமதி வேண்டாம் என்பது உறுதியானால் அதையும் கவுன்சிலிடம் சர்டிபிகேட்டாக வாங்கி வையுங்கள். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் (வக்கீல்) கேட்கும் முதல் காகிதங்களில் அது ஒன்று, பில்டிங் கன்ட்ரோல் தரும் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் இன்னொன்று. அந்த இரண்டாவது கைக்கு வரும்வரை பில்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இதை வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.