சர்வோ வாங்குமுன், பின்சக்கர டிரம்மைப் பாருங்கள்

கேள்வி: 1967ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை இரண்டு ஆண்டுகள் செலவழித்துப் புதுப்பித்திருக்கிறேன். மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை), முன்சக்கர டிஸ்க்கை அழுத்தும் பேட், பின்சக்கர டிரம்மை அழுத்தும் ஷூ, ஆயில் செல்லும் ஹோஸ் யாவும் புதியவை. ஆனாலும் பிரேக் பெடல் பாதி வரை இறங்குகிறது. உடனே மறுமுறை மிதித்தால் மேலேயே நிற்கிறது. காரை நிறுத்தவும் மிகுந்த பலம் தேவைப்படுகிறது. சர்வோ பொருத்தினால் சரியாகும் என்கிறார் பட்டறைக்காரர். பொருத்தலாமா? (வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சர்வோ உங்கள் காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தருமே தவிர, பெடல் இறங்கும் தூரத்தைக் குறைக்காது. உங்கள் காரில் இரண்டு தனித்தனிக் குறைகள் சேர்ந்திருப்பதாகவே தெரிகிறது.

முதலாவது, இறங்கும் பெடல். மறுமுறை மிதித்ததும் மேலே நிற்கிறதல்லவா, அந்த நிலையில் அதை அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது; வலப்புறம் அமர்ந்து ஓட்டும் நம் கார்களில் இடப்பக்கப் பின் சக்கரத்தில் தொடங்கி, மாஸ்டர் சிலிண்டருக்கு அருகில் உள்ள சக்கரத்தில் முடியுமாறு பிளீடிங் செய்து, அதாவது ஆயிலோடு காற்றையும் வெளியேற்றி, சரிசெய்ய வேண்டும். கல்போல் கெட்டியாக நின்றால், பெரும்பாலும் பின் ஷூக்கள் டிரம்மை விட்டு அதிகமாக விலகி நிற்கின்றன என்று பொருள்.

எம்ஜிபியின் பின் டிரம்கள் தாமாகச் சரிசெய்துகொள்பவை அல்ல. ஒவ்வொன்றின் பின்புறத் தட்டிலும், ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் சதுரத் தலை கொண்ட ஓர் அட்ஜஸ்டர் உண்டு. சக்கரத்தைத் தூக்கி, கைப்பிரேக்கை விடுவித்து, டிரம் பிடித்துக்கொள்ளும் வரை அதை வலஞ்சுழியாகத் திருப்பி, பிறகு சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சற்றே பின்னால் விடுங்கள். புதுப்பித்த கார்களில் நான் அடிக்கடி காணும் பிழை, கைப்பிரேக் கேபிளை முதலில் இறுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் ஷூக்கள் தம் இடத்துக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. அட்ஜஸ்டர் சரியாக இருப்பதுபோல் நம்மை ஏமாற்றும். கேபிளைத் தளர்த்திவிட்டு டிரம்மைச் சரிசெய்து, கேபிளைக் கடைசியில் இறுக்குவதே முறை. என்னிடம் வந்த ஒரு காரில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களை மாற்றியிருந்தார்கள். குறை என்னவோ கேபிளில்தான் இருந்தது.

அதன் பிறகும் பெடல் இறங்கினால், முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக உள்ள மூன்று ரப்பர் ஹோஸ்களையும், அவற்றைக் காயப்படுத்தாத உருண்டை விளிம்புக் கிளாம்பால் இறுக்கி மிதியுங்கள். பெடல் உயரத்தில் நின்றால் மாஸ்டர் சிலிண்டரில் குறையில்லை. இனி ஒவ்வொரு கிளாம்பாக விடுவியுங்கள். எதை விட்டதும் பெடல் இறங்குகிறதோ, அங்கேதான் தேட வேண்டும்.

இரண்டாவது, பலம் தேவைப்படுவது. 1967இல் இந்தக் கார் சர்வோ இல்லாமலே சாலைக்கு வந்தது. இன்றைய கார்களுக்குப் பழகிய காலுக்குப் பெடல் ஓரளவு கனமாகத் தெரிவது இயல்புதான். ஆனால், கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓடும் கார், எஞ்சிய நாளெல்லாம் நம் ஊர் ஈரக்காற்றில் நிற்கிறது. டிஸ்க்கில் துரு படர்கிறது, பேட்டைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் மெல்ல இறுகுகிறது. பேட்டைக் கழற்றிப் பார்த்து, அதன் முகம் கண்ணாடிபோல் மினுங்கினால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் பட்டிருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பிறகு காலியான சாலையில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்குப் பத்துப் பன்னிரண்டு முறை நிதானமாகக் குறைத்துப் பேட்டைப் பழக்குங்கள். இடையிடையே ஆறவிட வேண்டும்.

பிரேக் ஆயிலையும் கவனியுங்கள். டாட் 4 ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்தத் தரத்தின்படி, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலை, நீர் கலந்ததும் 155 வரை இறங்கலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5ஐ இதனுடன் ஒருபோதும் கலக்காதீர்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகும் கனம் பிடிக்கவில்லையென்றால் சர்வோவைத் தாராளமாகப் பொருத்தலாம். ஒன்றை மட்டும் இப்போதே சோதித்துவிடுங்கள்: எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடலை அரை நிமிடம் ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ கசிகிறது. உங்கள் காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்றுதான் என்பதால், பட்டறை வரை மெதுவாக ஓட்டிச் சென்றுவிடலாம் என்று எண்ணாமல், இழுவை வண்டியை அழைத்துவிடுங்கள்.