கனத்த நெடுவில்லுக்கு மர அம்பு: கேள்வி பதில்

வணக்கம். யூ மரத்து ஆங்கில நெடுவில்லுக்கான மர அம்புகளைப் பற்றிக் கேளுங்கள். நான் அன்றாடம் செய்யும் வேலை அது.

ஐயா, என் வில்லில் 28 அங்குலத்துக்கு 90 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. 90 பவுண்டு விறைப்புள்ள தண்டுகளை வாங்கினால் போதுமா?

முதலில் நீங்கள் எத்தனை அங்குலம் இழுக்கிறீர்கள் என்று அளந்துகொள்ளுங்கள். 30 அங்குலம் இழுப்பவருக்கு அதே வில் ஏறத்தாழ 100 பவுண்டு ஆகிவிடும். விறைப்பு என்பது வேறு அளவு: 26 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின் மேல் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பார்கள். 26-ஐ அந்தத் தாழ்வால் வகுத்தால் விறைப்பு கிடைக்கும், 0.26 அங்குலம் தாழ்ந்தால் 100 பவுண்டு. நெடுவில்லின் பிடியில் அம்புக்கென்று வெட்டு இல்லாததால், நாணை விட்டவுடன் அம்பு பிடியைச் சுற்றி வளைந்துதான் வெளியேற வேண்டும். ஆகவே இழுவிசையைவிட 5 முதல் 10 பவுண்டு வரை இளகிய தண்டில் தொடங்குங்கள். தண்டு நீண்டாலோ முனை கனத்தாலோ அது மேலும் இளகியதுபோல் நடந்துகொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெவ்வேறு விறைப்பில் சில தண்டுகளை வாங்கி எய்து பாருங்கள். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அம்பு இடப்பக்கம் ஒதுங்கினால் விறைப்பு அதிகம், வலப்பக்கம் ஒதுங்கினால் குறைவு.

எடையை மறக்காதீர்கள். ஒரு பவுண்டு இழுவிசைக்கு 10 கிரெய்ன் என்று கொண்டால், 100 பவுண்டு வில்லுக்கு 1,000 கிரெய்ன், அதாவது சுமார் 65 கிராம் வேண்டும். எடை குறைந்த அம்பு எடுத்துச் செல்லாத விசை வில்லின் உடலுக்கே திரும்பி, வில்லை முறிக்கக்கூடும்.

கடையில் கிடைக்கும் சீடர் தண்டு 100 பவுண்டு வில்லுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. போர்ட் ஆர்ஃபோர்டு சீடர் நேரான, மணமுள்ள, இனிய மரம். ஆனால் எடை குறைவு. 50 பவுண்டு வில்லுக்கு அதை மகிழ்ச்சியோடு வாங்குங்கள்.

பாப்ளரா, ஆஷ் மரமா? 1545-இல் வெளிவந்த வில்வித்தை நூலில் ஆங்கிலேய அறிஞர் ரோஜர் ஆஸ்கம் போர் அம்புக்கு ஆஷ்தான் சிறந்தது என்கிறார். அதே ஆண்டு மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலோ பெரும்பாலும் பாப்ளர் அம்புகளே கிடைத்தன. யார் சொல்வது சரி?

இரண்டும் முரண்படவில்லை என்பதே என் உறுதியான கருத்து. 1982-இல் தூக்கி எடுக்கப்பட்ட அந்தக் கப்பலோடு 3,500-க்கும் மேற்பட்ட அம்புகள் கிடைத்தன. அவை போருக்கு ஏற்றப்பட்டவை. ஆஸ்கமின் வரியை முழுதாகப் படித்தால், போர் அம்புகளை நல்ல ஆஷில் செய்வது மேல், இக்காலத்தில் செய்வதுபோல் ஆஸ்பனில் அல்ல என்று குறைபட்டுக்கொள்கிறார். ஆஸ்பனும் பாப்ளர் இனமே. ஆகவே அவருடைய குறையே கப்பலுக்குச் சாட்சி சொல்கிறது.

ஆஸ்கம் ஆசிரியர்தானே, போர்வீரர் அல்லவே? மலிவுக்காகத்தான் பாப்ளர் என்று ஒப்புக்கொள்ளலாமே?

அவர் தாமே வில் எய்தவர். ஆகவே ஆசிரியர் என்பதற்காக மட்டும் அவரை ஒதுக்கக் கூடாது. மலிவு என்பதையும் அவ்வளவு எளிதாக என்னால் ஏற்க முடியவில்லை. 1416-இல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் ஆட்சியில், கட்டைச் செருப்பு செய்பவர்கள் ஆஸ்பனைத் தொடக் கூடாது, அது அம்புக்கு வேண்டும் என்று சட்டமே வந்தது. வேறு வழியின்றி எடுத்த மரத்துக்கு இப்படிக் காவல் போடுவார்களா? இழைப்புளிக்குக் கீழே பாப்ளர் சீராக உருண்டு வரும். ஆஷ் கனமாகத் தாக்கும், ஆனால் ஈரக்காற்றில் வளைந்து, நிமிர்த்தும் வேலையை ஓயாமல் கேட்கும். தொலைவுக்குப் பாப்ளர், தாக்கத்துக்கு ஆஷ் என்று நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

கார்பன் அம்பு எய்யலாமா?

பெரும்பாலும் எடை போதாது. மேலே எடையைப் பற்றி எழுதியதைப் படியுங்கள்.

சீடரில் தடித்த தண்டு கிடைத்தால்?

இதற்கும் மேலே பதில் இருக்கிறது. 100 பவுண்டுக்கு வேண்டாம்.

தண்டு நல்லதா என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். தண்டை வெளிச்சத்தில் மெல்ல உருட்டுங்கள். ரேகைகள் நுனிவரை நேராக ஓடினால் வாங்கலாம். பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறி, மேற்பரப்பில் ஈட்டி நுனிபோல் கூம்பி முடிந்தால், முறியும்போது அதே சாய்வில்தான் பிளக்கும். அப்படிப் பிளந்த ஒரு சிலாம்பு என் இடது முன்கையில் இரண்டு அங்குலம் ஏறியது. அன்றைக்கு எய்வதற்கு முன் அந்த அம்பை நான் வளைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் இரு கைகளாலும் மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். சிறு நெறிப்புச் சத்தம் வந்தாலும் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுங்கள்.

அம்பின் பின்முனைக் காடி பிளக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

நாண் பதியும் காடியை ரேகைக்குக் குறுக்காக வெட்டி, அந்தக் காடிக்கும் குறுக்காக மெல்லிய கொம்புத் தகடு ஒன்றை ஒட்டிச் செருகுங்கள். மேரி ரோஸ் அம்புகளில் இருப்பதும் இதே முறைதான். பசை முழுதும் காயும்வரை நாணில் பூட்டாதீர்கள்.

ஒலிம்பிக் வில்லுக்கு எந்த அம்பு வாங்கலாம்?

அது என் துறை அன்று. அதில் பயிற்சி தருபவரைக் கேளுங்கள்.

ஐயா, கார்பனில் கனமான முனை பொருத்தினால்?

முனை கனத்தால் தண்டு இளகியதுபோல் நடக்கும் என்று முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன். நெடுவில்லுக்கு மரத்தையே எடுங்கள், எடுத்ததை வளைத்துப் பார்த்த பிறகே எய்யுங்கள்.