ஸ்டென்ட் வைத்தாயிற்று, பயம் போகவில்லையே!

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, ரத்தக் குழாய் அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) நன்றாக இருக்கிறது, நடக்கலாம், வேலைக்கும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போவதில்லை. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து ஆக்சிஜன் அளவையும் துடிப்பையும் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கிறார். ‘தைரியமா இருங்க’ என்று சொல்லி அலுத்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் ‘தைரியமா இருங்க’வை நிறுத்துங்கள். அவர் காதில் அது ‘பயந்தாங்கொள்ளி’ என்றுதான் விழும். அப்படி ஒரு வலியைப் பார்த்த உடம்பு, அதற்கப்புறம் ஒவ்வொரு துடிப்பையும் ஒட்டுக்கேட்கும். வாயுப் பிடிப்புகூட ‘மறுபடி வந்துவிட்டது’ என்று தோன்றும். பயத்தில் துடிப்பு கூடும், கூடிய துடிப்பைக் கண்டு பயம் இன்னும் ஏறும். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 97 என்று காட்டினால் ஐந்து நிமிடம் நிம்மதி. ஆறாவது நிமிடம் விரல் மறுபடி அதற்குள் போகும். டாக்டர் பார்க்கச் சொல்லாதபோது அது தேவையே இல்லை. ஆனால் வெடுக்கென்று பிடுங்காதீர்கள்; எட்டு தடவையை நான்காக்குங்கள், அப்புறம் இரண்டு. இன்னொன்று: இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு நிமிடத்துக்கு 60 பக்கம் இருப்பது சகஜம். அதைப் பார்த்துப் பதறுபவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள்.

நடந்து பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பே தெரிந்துகொண்டால்தான் இந்தப் பயம் இறங்கும். முதல் வாரம் கடைவரை நீங்களும் போங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். அடுத்த வாரம் பாதி வழியில் நின்றுகொள்ளுங்கள், அதற்கடுத்து வாசலில். உங்கள் மருத்துவமனையில் கார்டியாக் ரீஹேப் (இதய நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சி) இருக்கிறதா என்றும் கேளுங்கள். அங்கே ஆள் பார்த்துக்கொண்டிருக்க நடக்கப் பழக்குவார்கள்.

உங்களையும் ஒன்று கேட்கிறேன்: டாக்டர் அனுமதித்த பிறகும் தண்ணீர்க் குடத்தை அவர் கையிலிருந்து பிடுங்குகிறீர்களா? அப்படிச் செய்யும்போதெல்லாம் ‘நீங்கள் நோயாளி’ என்று நினைவூட்டுகிறீர்கள். யாரும் வாய்விட்டுக் கேட்காத சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாடிப் படி ஏறி நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ வராதவருக்கு தாம்பத்தியத்துக்கும் பொதுவாகத் தடையில்லை. சந்தேகமிருந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, மாத்திரையை விட்டுவிடுகிறார், ‘இருந்து என்ன’ என்கிறார் என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதய நோயாளிக்கு மனச்சோர்வு மாத்திரை ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை மாரடைப்பு வந்தவர்களுக்கும் பாதுகாப்பானது என்று 2002இல் வெளியான ஆய்வே காட்டியிருக்கிறது. எதைக் கொடுப்பது என்பதை டாக்டர்கள் முடிவு செய்யட்டும். அவசரமாகப் பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் ‘இது பயமா, நிஜமா’ என்று வீட்டில் பட்டிமன்றம் வேண்டாம். 108ஐ அழையுங்கள். ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். வழியெல்லாம் ‘வீண் அலைச்சல்’ என்று மட்டும் அவரிடம் முணுமுணுக்காதீர்கள்.