உயர் ஸ்டாண்டர்ட் மட்டும் குறைவாகக் காட்டினால்

கேள்வி: குடிநீரில் நைட்ரேட்டை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் கருவி) 220 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கிறோம். லிட்டருக்கு 1 மி.கி. ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த கரைசல்) சரியாக வருகிறது, 7 மி.கி. (நைட்ரஜனாக) மட்டும் எப்போதும் 4% குறைவு. எல்லா ரீடிங்கையும் 1.04-ஆல் பெருக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பெருக்கினால் மேலே சரியாகும், கீழே 4% கூடிவிடும். திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தாலும் இது போகாது.

பிழை எப்படி வளர்கிறது என்று பாருங்கள். எல்லா ஸ்டாண்டர்டிலும் ஒரே அளவு விலகினால் குவெட்டையோ (கரைசல் ஊற்றும் சிறு குப்பி) பிளாங்க்கையோ (நைட்ரேட் இல்லாத ஒப்பீட்டுக் கரைசல்) சந்தேகிக்கலாம். ஒரே சதவீதம் விலகினால் எடை, பைப்பெட். மேலே போகப்போக விலகல் பெருகினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வேற்றொளி. அதாவது 220 அல்லாத அலைநீளங்களில் டிடெக்டருக்குக் கசியும் ஒளி. அது வெறும் 0.3% இருந்தாலும், 1.80 காட்ட வேண்டிய உறிஞ்சல் (விழுங்கிய ஒளியைக் குறிக்கும் எண்) 1.73 ஆகிவிடும், அதாவது 4% குறைவு. 0.90 என்பது 0.89 ஆகும், 0.26-இல் வித்தியாசமே தெரியாது. உங்கள் கணக்கோடு இது அப்படியே பொருந்துகிறது.

உறுதிசெய்ய, லிட்டருக்கு 10 கிராம் சோடியம் அயோடைடு கரைசலை 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட்டில் ஊற்றி, தண்ணீரைப் பிளாங்க்காக வைத்து 220-இல் பாருங்கள். அந்தக் கரைசல் 220 ஒளியை அநேகமாக முழுதும் விழுங்கிவிடும். டிடெக்டருக்கு வந்து சேர்வது வேற்றொளிதான். 2.5 காட்டினால் கசிவு 0.3%. 3 காட்டினால் 0.1%, அப்படியானால் வேற்றொளியை விட்டுவிட்டு ஸ்லிட்டைப் (ஒளி நுழையும் பிளவு) பாருங்கள். நைட்ரேட் வளைவு 220-இல் செங்குத்தாக இறங்குவதால், அகலமான ஸ்லிட்டும் கோட்டை வளைக்கும். வசதி இருந்தால் ஸ்லிட் அகலம் 2 நானோமீட்டரை 1 ஆக்கி, ஸ்டாண்டர்டுகளை மறுபடி ஓட்டுங்கள்.

கசிவு கூடுதல் என்றால் பெரும்பாலும் டியூட்டீரியம் விளக்கு வயதாகியிருக்கும். புற ஊதா ஒளி மங்க மங்க, கசிவின் பங்கு ஏறும். உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளில் தூசி படிந்தாலும் இதே கதை. அவற்றைத் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு போய்விடும், சர்வீஸ்காரரிடம் விடுங்கள்.

விளக்கு வரும்வரை மாதிரியை ஐந்து மடங்கு நீர்த்து, உறிஞ்சலை 0.8-க்குள் வைத்து அளக்கலாம். மாதிரிக்கும் ஸ்டாண்டர்டுக்கும் பிளாங்க்குக்கும் 50 மி.லி.க்கு 1 மி.லி. என்று ஒரே 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேருங்கள். கசிவைக் கணக்கில் கழிக்கவும் வழியுண்டு. ஆனால் விளக்கு தேயத் தேய அந்த எண்ணும் மாறுமே.

சரிபார்ப்பு ஸ்டாண்டர்டை வேறு பாட்டில் பொட்டாசியம் நைட்ரேட்டில் தயாரியுங்கள்: 105 டிகிரியில் உலர்த்தி, லிட்டருக்கு 0.7218 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. நைட்ரஜன். வழக்கமான ஸ்டாண்டர்டையும் சரிபார்ப்பு ஸ்டாண்டர்டையும் ஒரே ஸ்டாக்கிலிருந்து (அடர்த்தியான மூலக் கரைசல்) செய்தால் எடைப் பிழை கண்ணில் படவே படாது.