இறக்கத்துக்குப் பிறகு தொடை வலி: முதல் மலைப்பாதை ஓட்டம்

30 கி.மீ. மலைப்பாதை ஓட்டத்துக்கு 8 வாரம்தான் இருக்கிறது, தார்ச்சாலையில் 18 கி.மீ. சிரமமில்லாமல் ஓடுகிறேன், ஆனால் குன்றிலிருந்து இறங்கிய மறுநாள் படிக்கட்டு இறங்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

பெரும்பாலும் அது காயமாக இருக்காது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது; பழகாத தசை மறுநாள் அழும். மருந்தும் இறக்கம்தான். வாரம் ஒருமுறை, முதலில் 10 நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காலை முன்னால் நீட்டிக் குதிகாலில் பிரேக் போடாதீர்கள். குட்டிக் குட்டியாக அடி வையுங்கள், பார்வை நாலைந்து மீட்டர் முன்னால். கடைசி 2 வாரம் மட்டும் கடும் இறக்கம் வேண்டாம். வலி மூட்டுக்குள்ளேயே இருந்தாலோ, ஒரு வாரம் தாண்டினாலோ பிசியோவிடம் காட்டிவிடுங்கள்.

செங்குத்தான ஏற்றத்தில் தாராளமாக நடங்கள், வெட்கமே வேண்டாம். சாலையில் ஓடும் வேகக் கணக்கு இங்கே செல்லாது.

சாப்பாடு: ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதை நீண்ட பயிற்சி ஓட்டங்களிலேயே வயிற்றுக்குப் பழக்குங்கள். என் முதல் பந்தயத்தில் புது ஜெல் (ஓட்டத்தில் உறிஞ்சும் மாவுச்சத்துக் கூழ்) ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். புதர் தேடி ஓடியதுதான் அன்றைக்கு என் உச்ச வேகம்.

அப்புறம், கால் நகத்தைப் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.